இரண்டாம் பாகம் வந்துவிட்டது

இன்று காலை என் கைத்தொலைபேசியில் அந்த இசை கேட்டது. சைக்கிள் மிதித்தபடி நீ வாய்க்குள் முணுமுணுப்பாயே, அதே இசை. எங்கள் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்துவிட்டதடி. இவ்வளவு காலம் பிந்தி, வெட்கமே இல்லாமல் மினுக்கிக்கொண்டு வந்து நிற்கிறது.

சண்டையில் யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வன்னியில் தர்மபுரத்துக்கு வந்தபோது, என் உடுப்புப் பையில் அந்தச் சின்ன விளையாட்டுக் கருவியும் வந்தது. வெளிநாட்டு மாமா தந்தது. கொண்டுவந்து என்ன பயன், வன்னிக்குள் பற்றரி வர அரசாங்கத்தின் தடை. பக்கத்துக் காணியில் இருந்த நீதான் வழி சொன்னாய். ஊரே சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலம். றேடியோ திருத்துகிறவரைக் கெஞ்சி, கருவிக்கும் ஒரு கம்பி இணைப்பு வாங்கினோம். ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை நீ மிதிக்க, கீழே இருந்து நான் விளையாடினேன்.

மிதி தளர்ந்தால் திரை வெளிறும். நின்றால் எல்லாம் முதலிலிருந்து. ஓர் ஓடக்காரன் தொலைந்த தங்கையைத் தேடி ஆறு ஆறாகக் கடக்கிற கதை. முதலையின் சத்தம் கேட்டாலே பயத்தில் வேகமாக மிதிப்பாய், முதலை இன்னும் கறுப்பாகத் தெரியும்.

"எடி, மெதுவா மிதி, அது என்னைப் பிடிக்கப்போகுது" என்று கத்துவேன்.

ஒருநாள் நான் மிதிக்க ஏறினேன். எனக்கு இழுப்பு வருத்தம், கொஞ்சம் மிதித்தாலே மூச்சு வாங்கும். நீ கருவியைக் கீழே வைத்துவிட்டாய். "நீ இழுக்கிற இழுப்புக்கு மொதலையே ஓடிரும். எறங்கு" என்றாய். மலையகத்திலிருந்து வந்த உன் வீட்டுப் பேச்சு கடைசிவரை மாறவில்லை. அதன்பிறகு நீ கருவியைத் தொட்டதில்லை.

கடைசிக் கட்டத்தில் பாலம் உடைந்து கிடந்தது. அக்கரையில் தங்கையின் விளக்கு மட்டும். மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்று போட்டிருந்தது. நான் வாசித்துச் சொன்னதும் உன் கால் நின்றது, திரையும் அணைந்தது.

அதன்பிறகு களை பிடுங்கும்போதும் உனக்கு அதே கதைதான். "அவளுக்கும் ஒரு ஓடம் குடுக்கணும். எவ்வளவு நாளைக்குத்தான் வெளக்கப் புடிச்சுக்கிட்டு நிப்பா?" என்பாய். அடுத்த வருடம் வரும் என்று மாமா எழுதினார். பிறகு, பிந்துமாம் என்று எழுதினார். பிறகு அதைப் பற்றி எழுதுவதையே விட்டுவிட்டார்.

உனக்கு மலேரியா வந்தது. மருந்து லொறி வவுனியாவில் நிற்கிறது, நாளைக்கு வந்துவிடும் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள்.

"இதுவும் ரெண்டாம் பாகம் மாதிரிதான்" என்று பாயில் கிடந்தபடி சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது வர்றப்ப பற்றரியும் வந்துரும். அப்ப நான் வெளையாடுவேன். யாரும் மிதிக்க வேணாம். நீ சும்மா பக்கத்துல இரு."

"ஓம், இருக்கிறன்" என்றேன்.

லொறி வந்தது, உன்னை எரித்த பிறகு. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது பற்றரி நிறைய இருக்கிறது. விளையாட்டைத் திறந்து, பக்கத்தில் ஆளில்லாத கதிரையில் வைத்திருக்கிறேன். அக்கரையில் விளக்கு எரிகிறது. தங்கைக்கு ஓடம் கொடுத்தார்களா, தெரியாது. யாராவது தொட்டால்தான் ஓடக்காரன் அசைவான். நான் தொடவில்லை. சும்மா பக்கத்தில் இருக்கிறேன்.