வாட்டு வாசலோடு நின்றுவிட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலையில் கல்லில் போட்ட ரொட்டியைக் கருகவிட்டேன். அந்த வாசம் வந்ததும் உங்கள் ஞாபகம்தான். கருகின ஓரத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, நடுவில் வெந்ததை எனக்குப் பிய்த்துத் தருவீர்களே.

பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டு. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் சுதாவுக்கு மூளைக் காய்ச்சல். பக்கத்துக் கட்டிலில் உங்கள் மகன், இரத்தத்தில் நோய். நீங்கள் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், நான் பசறைப் பக்கம். அதற்கு முன்னால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பிள்ளை வாயில் ஒன்றும் இறங்காதபோது தாய் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் லயத்து வீடுகளில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்து, கடைசியில் மயங்கிச் சரிந்தேன். தூக்கி உட்காரவைத்தது நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸில் கொண்டுவந்த ரொட்டி விறைத்துப் போயிருந்தது. அதைப் பால் விடாத பிளேன்டியில் நனைத்து நீட்டினீர்கள்.

"புள்ளைக்கு சேலைன் ஏறுது, ஒனக்கு என்னா ஏறுது? தின்னு தங்கச்சி. பாவம் வந்தா என் தலையில போகட்டும்."

தின்றேன். அன்றிலிருந்து தினமும் தின்றேன். சுதா கண் திறந்தாள். உங்கள் மகன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சில நாளில் நீங்கள் மறுபடி வந்தீர்கள். தீட்டோடு பிள்ளைகள் பக்கம் வரக்கூடாது என்று வாட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, பையைத் தரையில் வைத்துத் தள்ளினீர்கள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, இது கடை ரொட்டிதான், பயப்படாமல் சாப்பிடு என்றீர்கள். என் பாவம்தான் உங்கள் தலையில் இறங்கிவிட்டதா அக்கா என்று கேட்டே விட்டேன்.

"பசிச்சவளுக்கு ஒரு துண்டு குடுத்ததுக்கா எம்புள்ள போனான்? அப்புடி எடுக்குறது சாமியா?"

கோபமாகத்தான் சொன்னீர்கள். சொல்லிவிட்டு அழுதீர்கள். கட்டிப்பிடிக்க வந்தேன். தொடாதே, நீ பிள்ளையிடம் போக வேண்டியவள் என்று பின்னால் நகர்ந்தீர்கள். அந்த இரண்டடியை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

போன மாதம் நீங்கள் கண்மூடின செய்தி வந்து நான் மட்டும் வந்தேன். சுதா முழுகாமல் இருக்கிறாள், சாவு வீட்டுக்கு அவளை அழைத்துவர எனக்குப் பயம். இத்தனை பட்டும் அந்தப் பயம் எனக்குப் போகவில்லை அக்கா.

எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இப்போது அதே வாட்டில் இருக்கிறாள். மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லையாம். அதே பேச்சைத்தான் அவளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கருகினதை எனக்கு எடுத்து வைத்துவிட்டு வேறு ரொட்டி சுட்டுக் கட்டியிருக்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது. கொடுத்தால் அவள் வாங்கமாட்டாள், எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதைச் சொன்னால்தான் வாங்குவாள். சுதாவின் வயிற்றை நினைத்தால் நாக்கு புரளவில்லை. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன் அக்கா, பாவம் வந்தால் என் தலையில் போகட்டும் என்று.