படூரிலிருந்து வந்த இன்னொரு இணைப்பு

என் ஆசை மச்சான் அன்வருக்கு,

இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

நாம் சேர்ந்து எழுதிய அறை முன்பதிவு மென்பொருள், நீ போன பிறகு அடிக்கடி பாதியில் உறைந்து நின்றது. மாமல்லபுரத்து விடுதிக்காரர் போனில் கத்தித் தீர்த்துவிட்டார். "இன்னா சார், கஸ்டமர் பெட்டியோட நிக்கிறாரு, ஸ்கிரீன் சுத்திக்கினே கீது! இந்த மாசத்தோட போதும், வேற ஆளைப் பாத்துக்கறோம்." அவர் போனால் மற்ற விடுதிகளும் போய்விடும். உன் பங்கில்தான் உன் மனைவி ஷகிலா வீட்டை ஓட்டுகிறாள்.

டேட்டாபேஸில் சேமிக்கும், ஜாவா மொழியில் எழுதிய பகுதியைத்தான் சந்தேகப்பட்டேன். சோதனைக்காக நீ கடவுச்சொல் இல்லாமல் திறந்துவைத்திருந்த வழியில், என் கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்தே சர்வரைக் கண்காணித்து, எது நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் புரொஃபைலரையும் மாட்டினேன். சேமிப்பில் ஒரு குறையும் இல்லை. நினைவகத்தை மொத்தமாகத் துப்புரவு செய் என்று வெளியிலிருந்து யாரோ சர்வருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை மற்ற எல்லாம் நிற்கும்.

யாரென்று தேடினேன். எனக்கு முன்பே சர்வரில் வேறோர் இணைப்பு இருந்தது. உன் லேப்டாப்பின் முகவரி! தூக்கிவாரிப் போட்டது மச்சான். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் நான். பேய்க்கதை சொல்பவர்களைக் கிண்டலடிக்கும் நானே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் படூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் மேசையில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் சர்வரின் நினைவகம் நிறைவதைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டிருந்தது. எதிரே ஷகிலா, கை மவுஸில்.

"இது ஏறிக்கினே போனா அவரு இந்த பட்டனைத்தாண்ணா அமுக்குவாரு. ஒடனே எறங்கிடும். அவரு இல்லன்னு இது நின்னுடக் கூடாதுல்ல? அதான் நான் பாத்துக்கினு கீறேன்."

சோதனை செய்யும்போது நீ அமுக்கியதை அவள் பார்த்திருக்கிறாள். நான் என்ன செய்வேன்? மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன். "நீ அமுக்கறப்பதாம்மா அது நிக்குது."

அவள் முகம் வெளிறியது. "நானாண்ணா? நானா கெடுத்தேன்?"

"கையை எடும்மா. ஒரு தபா விட்டுப் பாரு."

கோடு ஏறியது. இன்னும் ஏறியது. அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு யாரும் தொடாமலே, சர்வர் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ள, அது இறங்கியது.

நிம்மதியாவாள் என்று நினைத்தேன். அவளோ உடைந்து அழுதாள். "அப்போ அவரு இல்லாமயே ஓடுமாண்ணா?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

விடுதிக்காரர் முனகிக்கொண்டே நம்மிடமே தொடரச் சம்மதித்துவிட்டார். சர்வருக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டேன். பார்க்க மட்டும் முடிகிற கணக்கு ஒன்றை ஷகிலா பெயரில் திறந்திருக்கிறேன். அவளாக அந்தத் திரையை மூடும் நாள்வரை, அந்த இணைப்பை நான் அறுக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மச்சான், இனி ஷகிலாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்,
சேகர்