ரோஸ்விதா அத்தை கடலில் இறங்கினாள்

பிரெரோ கடற்கரை,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

என் அன்பு இம்கேவுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டி அமாயாவும் அந்தத் தூரத்துச் சிலியில் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எங்களுக்குக் குறையொன்றும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே முனக ஆரம்பித்துவிடுகிறது. இந்த வருடமும் மணல்மேட்டுக்குப் பின்னால் அதே இடத்தில்தான் கூடாரம், அதே குளவிகள், நான் பிளம்ஸ் கேக்கை வெட்டும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. உன் போன கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு கடலுக்குப் போனாலும் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன், இந்த வயிற்றை யார் கண்ணிலும் காட்ட மனசில்லை என்று எழுதியிருந்தாய். யாரும் துணியோடு குளிக்காத இந்தக் கரையில் வளர்ந்த பெண்ணா இப்படி எழுதுகிறாள் என்று இருந்தது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். புத்தி சொல்லப்போவதில்லை, பயப்படாதே. ரோஸ்விதா அத்தைக்கு இந்தக் கோடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன், அவளே எழுதச் சொன்னாள்.

கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை இல்லாமல் அத்தையை நீ பார்த்திருக்கமாட்டாய். ஏன் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. சின்ன வயதில் சலவைக்காகக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்க் கொப்பரை அவள் மேல் சாய்ந்துவிட்டது. இடது தோளிலிருந்து இடுப்புவரை முதுகு முழுக்கத் தோல் சுருங்கிப்போனது, மார்பிலும் ஒரு பக்கம். பிழைத்ததே பெரிது. மக்டபர்க்கில் நல்ல வாலிபால் ஆட்டக்காரி என்று பேரெடுத்தவள், குழுவுக்குக் கையில்லாத பனியன் வந்த அன்றோடு ஆட்டத்தை விட்டுவிட்டாள், படிப்புக்கு நேரம் போதவில்லை என்று சொன்னாளாம். நாங்கள் வருஷாவருஷம் கூப்பிட்டும் இங்கே வந்ததில்லை. ஹார்ட்முட் மாமா காலமான பிறகு திரைச்சீலையைக்கூடத் திறக்காமல் வீட்டிலேயே கிடந்தாள். அப்பா போய் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எங்கே போகிறோம் என்பதைப் பாதி வழி தாண்டிய பிறகுதான் சொன்னாராம், மனிதர் லேசுப்பட்டவரில்லை.

வந்தவள் முழுக்கைச் சட்டையும் நீளப் பாவாடையுமாகக் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் எல்லாரும் பிறந்த மேனிக்கு இருக்க அவள் மட்டும் தேவாலயத்துக்குக் கிளம்பியவள் மாதிரி. பக்கத்தில் கேரவன் வண்டியில் தங்கும் டெட்லெஃப் உனக்கு ஞாபகம் இருக்கும், பீப்பாய் வயிறு, இதய ஆபரேஷன் தையல் கழுத்திலிருந்து தொப்புள் பக்கம்வரை. காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கோவிச்சுக்காதீங்க, இந்தக் கரையில எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கறது உங்க ஒருத்தரத்தான், அந்தச் சட்டையாலதான்" என்று சொல்லிவிட்டான். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது, மறுநாள் கூடாரத்தைவிட்டே வரவில்லை. நான் அவனைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். அவன் அசரவில்லை. அந்த வாரக் கடைசியில் எங்கள் குழுவில் ஆடும் ரெனாட்டேக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, கரையில் நாங்கள் ஆடும் வாலிபாலுக்கு ஆள் குறைந்தபோது, பந்தை நேரே அத்தை மடியில் போட்டுவிட்டு, சர்வீஸ் போடத் தெரிந்தவர் ஒருத்தர் வேண்டும் என்றான். அவனுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை, உன் அப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இம்கே, நீ பார்த்திருக்க வேண்டும். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போட்ட முதல் சர்வீஸை எதிர்ப்பக்கத்தில் யாரும் தொடக்கூட இல்லை. அறுபத்தெட்டு வயது! ஜெயித்ததும் எல்லாரும் கடலுக்கு ஓடினோம். அத்தை மட்டும் அலை விளிம்பில் நின்றுவிட்டாள், சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் இருந்தேன். அவள் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தாள், அத்தனை தழும்பும் பட்டப்பகல் வெயிலில். டெட்லெஃப் மட்டும் வாய் திறந்தான். "கடைசி சர்வீஸுல கோட்ட மிதிச்சீங்க, நான் பாத்தேன்." அத்தை, "மொதல்ல கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான். புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்துவிட்ட ரெனாட்டே, தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்று கரையிலிருந்து கேட்டாள், பிறகு எல்லாரும் நீந்தப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கு சாலட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள், பார்த்தால் கோபம் மாதிரி இருந்தது. "யாருமே ஒண்ணும் சொல்லலயே கெஸீன" என்றாள் என்னிடம். சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். ஆனா இத்தன வருஷமா நான் எதுக்குப் பயந்துகிட்டு இருந்தேன், அதச் சொல்லு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஹார்ட்முட் ஒரு தடவ கேட்டாரு, வெளக்கப் போட்டுப் பாக்கட்டுமான்னு. நான் மாட்டேன்னுட்டேன். அப்புறம் அவரு கேக்கவே இல்ல. கடைசிவரைக்கும் கையால தடவித்தான் தெரிஞ்சுக்கிட்டாரு." உன் அப்பா, பிறந்தநாளுக்குக்கூடக் கைகுலுக்குவதோடு நிறுத்திக்கொள்கிற மனிதர், எழுந்து போய் அக்காவின் முதுகில் கை வைத்தார். அவள் விலகவில்லை, அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் எங்களோடுதான் குளிக்கிறாள். உச்சி வெயிலில் மட்டும் ஒரு சட்டையை மாட்டிக்கொள்கிறாள், அது டாக்டருக்காக, மனுஷங்களுக்காக இல்லை என்கிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. நாங்கள் துணியைக் கழற்றுவது பழக்கம், அவள் கழற்றியது தைரியம். உன்னை இங்கே நாங்கள் இருக்கிற மாதிரி இரு என்று சொல்லமாட்டேன், உங்கள் கரைக்கு உங்கள் வழக்கம் இருக்கும், நீச்சலுடை போட்டுக்கொள். தண்ணீரில் மட்டும் இறங்கு கண்ணே. அந்த வயிறு எங்களுக்கு ஒரு பேத்தியைக் கொடுத்த வயிறு.

பன்னிரண்டாம் தேதி அப்பாவுக்குப் பிறந்தநாள், மறக்காமல் போன் பண்ணு, காத்திருக்காத மாதிரி நடித்துக்கொண்டு காத்திருப்பார். அமாயாவுக்கு அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடாதே. நீங்கள் மூன்று பேரும் உடம்பும் மனசும் நிறைந்து நெடுநாள் வாழ வேண்டும். இதை எழுதும்போது அத்தை கடலுக்கு இறங்கிப் போகிறாள், இங்கிருந்து முதுகுதான் தெரிகிறது. அழகான முதுகு என்று எழுதினால் அவளே சிரிப்பாள். அதன்மேல் வெயில் விழுந்திருக்கிறது, அவள் நடையில் அவசரமே இல்லை.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா கெஸீன