அம்மாவின் நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு, ஹர்ஷினி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

நேற்று வேலை முடிந்து வரும்போது, இந்த நார்வே பனியில் வழுக்கி விழுந்தேன். கை லேசாகத்தான் வீங்கியிருக்கிறது, பதற வேண்டாம். எழுந்து ஒதுங்கிய நகராட்சி மண்டபத்தில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. நூறு வருடங்களுக்கு முன் இங்கே கவுன்சிலரான முதல் பெண், ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவரைத் தேடினேன். அவர் படத்திலேயே இல்லை.

ஊராட்சித் தலைவராக ஜெயித்த அம்மாவிடம் ஆபீஸ் பற்றிக் கேட்டால், “அங்கன உங்கப்பால்ல உக்காந்திருக்காக” என்கிறாள்.

என் அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது. சாத்தூர் சேவு அனுப்பும்போது, அம்மா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றும் வையுங்கள். நீங்களே எடுங்கள் அப்பா. அதற்காகவாவது எழுந்துதானே ஆக வேண்டும்?

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஹர்ஷினி