மீன் எண்ணெய் என்று சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு நிச்சயதார்த்தம். மொட்டைமாடியில் சாப்பாடு. கை கழுவ ஒதுங்கியபோது ஒரு மூலையிலிருந்து அந்த வாசனை வந்தது. மீனும் ஈரக் கூழாங்கல்லும் தக்காளி இலையும் கலந்த வாசனை. கீழே மீன் தொட்டி, மேலே கல் நிரப்பிய தட்டுகளில் செடிகள், நடுவில் ஒரு சின்ன மோட்டார். வீட்டுக்காரர் பெருமையாக ஆரம்பித்தார். "மீன் தண்ணி செடிக்குப் போவுது சார். செடி அத சுத்தம் பண்ணி மீனுக்கே திருப்பி அனுப்பிடுது." எனக்கு அது தெரியும். சாப்பிட்ட கையைக் கழுவாமலே படியிறங்கிவிட்டேன்.

அன்றிலிருந்தே உனக்கு எழுத நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

மாதனூருக்குப் பக்கத்தில் உன் வீட்டுக் கொல்லைக்கிணறு உப்பாகிப்போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம். கொல்லையை ஒட்டிய அரை ஏக்கரில் கத்தரி கருகியது, தென்னை மட்டை மட்டையாகக் காய்ந்தது. உன் பெரியண்ணன் ஆம்பூரில் இருந்தார். தோல் காயவைக்க இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு முதலாளிக்கு அதை விற்றுவிடலாம் என்றார். நீ ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறவன். நான் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவன். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதைத் தவிர நம் இருவருக்கும் விவசாயத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெளிநாட்டு டாக்டர் ஒருவர் விட்டுப்போன இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நீ என் வீட்டுக்கு ஓடிவந்தாய்.

"ஒரே ஒரு தொட்டி நல்ல தண்ணி போதும்டா. அதையே சுத்திச் சுத்தி உடலாம். கெணத்துத் தண்ணியே வேணாம்."

"படிச்சிட்டா ஆச்சா? பண்ணத் தெரியுமா?"

"தெரியாது. பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும்."

உன் அண்ணனிடம் போய்க் கிறிஸ்துமஸ் வரை தவணை வாங்கினாய். அதற்குள் அந்த மண்ணில் ஏதாவது விளைய வைத்துக் காட்டினால் விற்பதில்லை என்று பேச்சு.

கொத்தனார் கரணையை எப்படிப் பிடிப்பது என்றுகூட நமக்குத் தெரியாது. நாம் கட்டிய இடுப்பளவுத் தொட்டி முதல் நாளே ஒழுகியது. மறுபடி பூசினோம். சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஒரு வாரம் ஊறவைத்தோம். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அடிபம்பிலிருந்து சைக்கிளில் இரண்டிரண்டு கேன்களாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பப் பத்து நாள் பிடித்தது. தொட்டிக்கு மேலே மண்தொட்டிகளில் பாலாற்றுக் கூழாங்கல்லை நிரப்பி அடியில் ஓட்டை போட்டோம். மோட்டாருக்கு வழியில்லை. வாளியால் மொண்டு மேலே ஊற்றினால் கல் வழியாக வடிந்து மறுபடி தொட்டியில் விழும். டியூட்டிக்கு முன்னால் நீ, ஷிப்டு முடிந்து நான், இடையில் உன் மனைவி.

ஏரியிலிருந்து அறுபது ஜிலேபி மீன் குஞ்சுகளை வாங்கி ஒரேயடியாக விட்டாய். புண்ணாக்கைக் கை நிறைய அள்ளிப் போட்டாய். ஒன்பதாம் நாள் தண்ணீர் பால்போல் வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் அத்தனையும் மல்லாந்துவிட்டன.

"தீனி ஜாஸ்தியாப் போட்டுட்டேன்டா" என்றாய். "கூட்டமும் ஜாஸ்தி. தண்ணி மொதல்ல பழகணும்."

அடுத்த தடவை நாலே நாலு மீன். ஒரு சிட்டிகைத் தீனி. மூன்று வாரம் பொறுத்திருந்து இன்னும் பதினாறு விட்டாய். தண்ணீர் தெளிந்தே இருந்தது. சிறுகீரை வந்தது. கார்த்திகை மழையில் தக்காளி பழுத்தது. முதல் பழத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு நீ மெல்ல மெல்ல மென்றாய்.

"உப்பு இல்லடா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது.

உன் அண்ணன் வந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. தக்காளியை மோந்து பார்த்தார், மீனை எண்ணினார். "ரெண்டு தொட்டி செடியக் காட்டி அரை ஏக்கர வெச்சுக்கலாம்னா எப்படி தம்பி? கொஞ்சம் பெருசாப் பண்ணிக் காட்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழம வர்றேன்" என்று சொல்லிப் போனார். இரண்டு வாரம்தான் இருந்தது. மண்தொட்டி கட்டுப்படியாகாது என்று நீ பேஜாராகிக் கிடந்தாய்.

அப்போதுதான் நான் அந்த டிரம்மைக் கொண்டுவந்தேன்.

ஷாப்பில் தோலை மெதுவாக்கப் பூசும் மீன் எண்ணெய் வரும் டிரம்களைக் கணக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்சுவர் ஓரம் கேட்பாரற்றுக் கிடந்தவை வேறு. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் மருந்து வந்தவை. அதைக் கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வோம். அதில் ஒன்றை யாரிடமும் கேட்காமல் மாட்டு வண்டியில் ஏற்றி, வெல்டரிடம் நீளவாக்கில் இரண்டாக வெட்டி வாங்கினேன். சோடா போட்டு, சுண்ணாம்பு போட்டு இரண்டு தடவை கழுவினேன். நாற்றம் போய்விட்டது. அதனால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ குனிந்து உள்ளே பார்த்தாய். "இதுல இன்னா இருந்துச்சி?"

"மீன் எண்ணெய்டா."

"அப்ப நம்ம மீனுக்கு ஒறவுதான்" என்று சிரித்தாய். அன்றைக்கே இரண்டு பாதியிலும் கல் நிரப்பிச் செடி வைத்து, தொட்டிக்கு மேலே ஏற்றித் தண்ணீர் ஊற்றினோம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அதைத் தொட்டிருக்க மாட்டாய். மருந்து கட்டுகிறவன் நீ. உனக்கு உதவ வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அதைத் தவிர வேறு கெட்ட எண்ணம் இல்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது எதையும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் உன் மனைவி என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். ஓடிவந்து பார்த்தேன். இருபது மீனும் மிதந்தன. ஆனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் தடவைபோல் வெளுக்கவே இல்லை. அதைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். "அண்ணன் வர்றாருன்னு, கொஞ்சம் பெருசாத் தெரியட்டும்னு, நேத்து ஒரு பிடி ஜாஸ்தியாப் போட்டேன்டா. நானே கொன்னுட்டேன்."

நான் குனிந்து செத்த மீன்களை வாளியில் அள்ளினேன். டிரம்மைத் திருடினேன் என்று தெரிந்தால் கேட்டிலேயே வேலை போய்விடும். மூன்று பிள்ளைகள். அதைவிட, உன் முகத்தைப் பார்த்து, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து உன் அண்ணன் வந்தார். தக்காளிச் செடிகளும் அதற்குள் தொங்கிப்போயிருந்தன.

"இன்னும் மூணு மாசம் குடுண்ணா" என்றாய்.

அவர் உன்னிடம் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. நீயும் கூடவேதானே இருந்த. இது நடக்குமா?"

நடக்கும், டிரம்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மூன்று மாதம் கொடுத்திருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் உன் தோளைத் தட்டினார். "விடு தம்பி. உன்னால ஆனத பண்ணிட்ட."

தை மாதம் வீட்டையும் சேர்த்துப் பத்திரம் முடிந்தது. நீ வேலூரில் ஒற்றை அறை வாடகை வீட்டுக்குப் போனாய். நாம் கட்டிய தொட்டியை இடித்துச் சமப்படுத்தித் தோல் காயப்போட்டார்கள். ஷாப்பு பஸ் அந்த வழியாகத்தான் போகும். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

ஐந்து வருஷம் கழித்து நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்தாய். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே முடிவோடுதான் பஸ் ஏறினேன். மஞ்சளாக, எலும்பாகக் கிடந்தாய். நான் வாயைத் திறப்பதற்கு முன் நீயே பேசினாய்.

"அந்த ஒரு பிடி தீனிய மட்டும் போடாம இருந்திருந்தா நெலம் நின்னிருக்கும், இல்லடா?"

"ஆமாம்டா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசிய வார்த்தை.

மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த மறுநாள் உன் மனைவியைத் தேடிப்போனேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் புடவை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"வேலூர் வந்தப்புறம் ஒரே ஒரு ரோஜாச் செடி கேட்டேன்ணே" என்றாள். "வேணாம், என் கை பட்டா செத்துடும்னு சொல்லிட்டாரு. சாவற வரைக்கும் ஒரு செடிக்குக்கூடத் தண்ணி ஊத்தல அவரு."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். டீ போடப் போகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

உன் கையில் எந்தத் தப்பும் இருந்ததில்லை. எவ்வளவு தீனி, எத்தனை மீன் என்று எல்லாவற்றையும் நீ சரியாகக் கற்றுக்கொண்டிருந்தாய். இதை இப்போது உன் மனைவிக்குச் சொல்லியாயிற்று, காகிதத்திலும் எழுதியாயிற்று. கேட்டிருக்க வேண்டியவன் நீ ஒருவன்தான். உன்னிடம் நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.