பிரிட்ஜெட் மல்வேனியையும் அவள் பசுவையும் விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
திருமதி லவீனியா டட்டில்,
தலைமைச் செவிலி,
புகையிலைக் கிடங்கு இராணுவ மருத்துவமனை,
டன்னர்ஸ் ஃபெர்ரி, கென்டக்கி.

பெறுநர்:
கர்னல் ஹோரஸ் வெண்டெல் அவர்கள்,
படைத்தளத் தளபதி,
டன்னர்ஸ் ஃபெர்ரி.

பொருள்: சலவைக்காரி பிரிட்ஜெட் மல்வேனி மீதான பசுத் திருட்டுப் புகாரை ரத்து செய்து, அவளையும் பசுவையும் மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு முன்கோபம் உண்டென்று இந்த ஊரே சொல்லும். அதனால்தான் இந்த மனுவை இரண்டாம் முறையாக எழுதுகிறேன். முதலில் எழுதியதை நானே அடுப்பில் போட்டுவிட்டேன். இதில் மரியாதைக் குறைவாக ஏதும் தென்பட்டால், அதைவிட மோசமானது சாம்பலாகிவிட்டது என்று எண்ணித் தாங்கள் ஆறுதல் கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் மருத்துவமனையில் எஸ்ரா கிம்பிள் என்ற சிப்பாய் இருக்கிறான். ஒஹையோ மாநிலத்துப் பிள்ளை. தங்கள் கொடிக்காகச் சண்டையிட்டுத் தாடையில் குண்டு வாங்கியவன். மெல்ல முடியாது, பேச முடியாது. மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தால் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. தேநீர்க் கெண்டியின் மூக்கை உதட்டோரம் வைத்து ஊற்றும் பால் ஒன்றுதான் உள்ளே தங்குகிறது. பசித்தால் தகரக் குவளையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவான். அந்தத் தட்டலில் எங்கள் கிடங்கே எழுந்து உட்காரும். "வந்துட்டேன்டா ராசா, கட்டிலை உடைச்சிடாதே!" என்று பிரிட்ஜெட் ஓடி வருவாள்.

2. அந்தப் பால் தந்த பசுவின் பெயர் டெலைலா. அது பிரிட்ஜெட்டின் சொந்தப் பசு. ஊரில் மற்ற மாடுகளை எல்லாம் வடக்கு, தெற்கு என இரு தரப்புப் படைகளும் மாறி மாறித் தின்று தீர்த்துவிட்டன. இது ஒன்றுதான் மிஞ்சியது. இதையும் தங்கள் சார்ஜென்ட் டோபின் சென்ற வாரம் அதிகாரிகளின் உணவுக்கூடத்துக்கு ஓட்டிச் சென்றார்.

3. இனி, அங்கே போன பசு ஒரு சொட்டும் பால் கறக்காத விஷயம். பிரிட்ஜெட் பசுவுக்குச் சூனியம் வைத்துவிட்டாள் என்று சார்ஜென்ட் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறாராம். நாங்கள் கிறிஸ்தவப் பெண்கள், ஐயா. உண்மை மிகச் சாதாரணமானது. திட்டினால்தான் அந்தப் பசு பால் விடும். கன்றாக இருந்த நாள் முதல் பிரிட்ஜெட்டின் வாயைக் கேட்டே வளர்ந்தது. "அடியே மூதேவி, ஆடாம நில்லுடி! தின்னத் தெரியுதுல்ல, குடுக்கத் தெரியலையா? உன் தோலை உரிச்சுப் பூட்ஸ் தைக்கலேன்னா பாரு!" என்று அவள் ஆரம்பித்தால் வாளி நிரம்பும். தங்கள் காலை உணவுக்கான பசு என்பதால் வீரர்கள் அதனிடம் பணிவாகவே பேச வேண்டுமென உத்தரவாம். சார்ஜென்ட் டோபின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "வாம்மா தங்கம், கொஞ்சம் மனசு வையும்மா" என்று கெஞ்சியதை எங்கள் சமையற்காரி கண்ணால் பார்த்தாள். பசு அவர் காலை மிதித்தது. அதற்கும் பிரிட்ஜெட் பொறுப்பாக முடியாது.

4. பசுவைப் பிரிட்ஜெட் திருடவில்லை. நேற்று முன்தினம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு தன் கால்களாலேயே எங்கள் துணி துவைக்கும் கொல்லைக்கு வந்தது. மடி கனத்து நின்ற மாட்டை அவள் கறந்தாள். எஸ்ரா வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குவளையால் தாளம் போட்டான். அப்போதுதான் சார்ஜென்ட் வந்து, "ராணுவச் சொத்தைத் திருடுறியா நீ?" என்று அவள் கையைப் பிடித்தார். "ராணுவமா இதைப் பெத்துது? மரியாதையா கையை எடுய்யா!" என்றாள் அவள். அதைத் தவிர அவள் சொன்ன மற்றவற்றை இங்கே எழுதுவது எனக்கு அழகல்ல. அவளைக் காவல் கொட்டடியில் அடைத்தார்கள். பசுவையும் இழுத்துப் போனார்கள்.

5. அன்றிரவே பசு மறுபடியும் வந்துவிட்டது. நாங்கள் சும்மா இருக்கவில்லை, திட்டிக் கறக்கப் பார்த்தோம். நான் போதகர் வீட்டுப் பெண்; எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான சொல் "சீச்சீ" என்பதுதான். பசு அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. பிறகு எங்கள் பாதிரியார் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றார். என்ன சொன்னார் என்று கேட்டால் முகம் சிவக்கிறார். ஒரு சொட்டும் வரவில்லை.

6. எஸ்ராவுக்கு நேற்று சர்க்கரைத் தண்ணீர்தான். இன்று காலை அவன் குவளையைத் தட்டவில்லை. கையில் கொடுத்துப் பார்த்தேன். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. ஐயா, இந்தப் போரில் எத்தனையோ பையன்களின் கண்களை மூடிவிட்டிருக்கிறேன். அவர்களையெல்லாம் குண்டோ காய்ச்சலோ கொண்டுபோயிற்று, நான் பொறுத்துக்கொண்டேன். இவனை யாரோ ஒருவரின் காலை உணவு கொண்டுபோவதைப் பொறுக்க மாட்டேன். பயமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

7. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு செய்தி வந்தது. பசு இப்போது எங்கள் கொல்லையிலும் இல்லை, தங்கள் கொட்டகையிலும் இல்லை. காவல் கொட்டடியின் ஜன்னலடியில் நிற்கிறது. உள்ளேயிருந்து பிரிட்ஜெட் காவலர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டுப் பசுவின் மடியிலிருந்து பால் தானாகவே மண்ணில் சொட்டுகிறதாம்.

ஆகவே, பிரிட்ஜெட்டையும் பசுவையும் இன்று மாலைக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தங்கள் காப்பிக்கும் ஒரு குவளை பால் நாள்தோறும் வந்து சேரும். எஸ்ரா குடித்த பிறகு.

அது இயலாதென்றால், நாளை விடியற்காலையில் நானும் மற்றப் பெண்களும் எஸ்ராவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு காவல் கொட்டடிக்கு வருவோம். பிரிட்ஜெட் ஜன்னல் கம்பி வழியாகத் திட்டுவாள். நான் வெளியே நின்று கறப்பேன். வயிறு நிறைந்தால் எஸ்ரா குவளையைத் தட்டுவான். தங்கள் படுக்கையறை அதற்கு நேர் மேலே என்று அறிகிறேன். சத்தம் கேட்டால் அருள்கூர்ந்து கோபிக்க வேண்டாம். கேட்காவிட்டால்தான், ஐயா, தாங்கள் கீழே இறங்கி வந்து அவன் தாய்க்கு என்ன எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கும்.

இடம்: டன்னர்ஸ் ஃபெர்ரி
நாள்: 14 ஏப்ரல் 1863

தங்கள் ஆணைக்கும் எஸ்ராவின் தட்டலுக்கும் காத்திருக்கும்,
லவீனியா டட்டில்
(ஒப்பம்)