தினம் ஒரு கண்றாவி

மார்ச் 3, திங்கள்

இன்று மருத்துவமனை லிஃப்டில் மானம் போயிற்று.

அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். காதில் ஹெட்செட். மகள் அனுப்பிய பாட்டைத் தட்டினேன். எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஹெட்செட்டின் ஒயர் எதிலும் செருகப்படாமல் என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்ததை மேட்ரன் விரலால் சுட்டிக்காட்டிய பிறகுதான் பார்த்தேன். அதுவரை லிஃப்ட் முழுக்கப் பாட்டு. பாட்டு என்று பேருக்குச் சொல்கிறேன். வயிற்றுவலி கண்ட காளை மாதிரி ஒரு ஆள் அடித்தொண்டையில் உறுமுகிறான். ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கி, "யாருக்குங்க முடியல?" என்று கேட்டார்.

மங்கோலியாவில் இப்படித் தொண்டையால் பாடுவார்களாம். மகள் சொல்கிறாள். மற்றவர்கள் எல்லாம் எதால் பாடுகிறார்களாம், முழங்காலாலா?

இத்தனைக்கும் காரணம் என் வாய்தான். மகளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலை. சுழலும் நாற்காலி, ஏசி, உட்கார்ந்தபடி சம்பளம். அதை விட்டுவிட்டு வேறு ஊரில், பொம்மைப்படம் எடுக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் சேர வேண்டும் என்கிறாள். மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்றேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மாசக் கடைசி வரைக்கும் தினமும் ஒண்ணு அனுப்பறேன்ப்பா. படமோ, பாட்டோ, ஓவியமோ. எல்லாம் இப்ப உயிரோட இருக்கறவங்க பண்ணது, உலகம் பூரா இருந்து. முழுசாப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னா நான் வாயே தொறக்க மாட்டேன்."

சரி என்றுவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் ஜெயிக்கிற பந்தயம்தானே. மனைவி மட்டும் சிரித்தாள். "மாட்டிக்கிட்டீங்க."

மார்ச் 4

இன்று ஒரு குட்டிப் படம். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு நீலமாயிற்று. முடிந்தது.

எங்கள் சலவைப் பிரிவில் எட்டு மெஷின்கள் இருக்கின்றன. வட்டம் சுற்றுவதைப் பார்க்க மருத்துவமனை எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. இதை எடுத்தவனுக்கு அதற்குப் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 6

இன்று ஓவியம். சிலி நாட்டுப் பெண் ஒருத்தி வரைந்தது. படத்தில் இருப்பவளுக்கு மூக்கு இல்லை.

"மூக்கு எங்கம்மா?"

"தேவையில்லப்பா."

தேவையில்லையாம்! "இந்த மூக்கை வச்சுக்கிட்டுதான் உங்கம்மாவைக் கட்டினேன். அப்ப அவங்க வீட்டுல யாரும் தேவையில்லன்னு சொல்லலியே?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "சொன்னாங்க. உங்க காதுல விழல."

மார்ச் 9, ஞாயிறு

எஸ்டோனியா. எங்கே இருக்கிறது என்று கேட்டால் "மேல" என்கிறாள். மாடியைச் சொல்வது போல.

மழை பெய்கிறது. ஒரு கிழவன் பஸ்ஸுக்காக நிற்கிறான். நிற்கிறான். நிற்கிறான். நானும் கூடவே நின்றேன். படம் முடிந்துவிட்டது.

"பஸ் வரலியேம்மா."

"ஆமாப்பா."

"அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் நின்னான்?"

சிரிக்கிறாள். அந்த எஸ்டோனியாக்காரன் மழையைக்கூட முழுதாக வரையவில்லை. வானத்திலிருந்து ஒரு கோடு கிடையாது. தரையில் பட்டுத் தெறிக்கிறதே, அதை மட்டும் போட்டிருக்கிறான். சோம்பேறி. பாதி வேலை செய்துவிட்டு மீதியை என் தலையில் கட்டியிருக்கிறான்.

சாயங்காலம் காய்ந்த போர்வைகளை மடித்தேன். தனியாக மடிக்கும்போது ஓரத்தைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொள்வது என் வழக்கம். வேலை செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். "எச்சி படும்னு எத்தனை தடவை சொல்றது!" என்றாள் மனைவி. பதில் சொல்ல வாயைத் திறந்தால் போர்வை விழுந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். கதவோரம் நின்ற மகள், "அப்பா, அப்படியே நில்லுங்க" என்றாள். தோளில் ஏதோ பூச்சி என்று நினைத்து, "ம்ம்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று போய்விட்டாள். நேரம் நிறைய இருக்கிறது போல.

மார்ச் 11

மாலி நாட்டுப் பாட்டு. ஒரே வரியை நாற்பது தடவை பாடுகிறார்கள். முதல் தடவையே புரியாதவனுக்கு நாற்பதாவது தடவை மட்டும் புரிந்துவிடுமாக்கும்.

மார்ச் 12

அந்த மாலிக்காரர்கள் நாசமாய்ப் போக. காலையிலிருந்து அதே வரி என் வாயில். பிழியும் மெஷின் ஓடுகிற தாளத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கிறது. பக்கத்தில் துணி உலர்த்தும் டிரையர்காரர் கேட்டேவிட்டார்: "என்னண்ணே, மந்திரமா?"

பல்வலி என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

மைத்துனன் வந்தான். கம்ப்யூட்டர் வேலை. அவனுக்குத் தெரிந்த விமரிசனம் ஒன்றே ஒன்று: "வேற லெவல்." அக்கா போட்ட டீ வேற லெவல். புதுத் திரைச்சீலை வேற லெவல். என் சொட்டையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை, மரியாதைக்காரன்.

மகள் ஆசையாக அந்த எஸ்டோனியாப் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஒரு கண் அதில், ஒரு கண் தன் போனில். முடிந்ததும், "வேற லெவல், மாமா!"

"பஸ் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சே!"

மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

சரி, எனக்கும்தான் அந்தப் படம் பிடிக்கவில்லை. ஆனால் நான் பஸ்ஸுக்காக நின்றவன். நின்றவன் திட்டுவதற்கும் நிற்காதவன் புகழ்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

மார்ச் 20

லிஃப்டில் போன மானத்தில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் இன்று போயிற்று.

கைகழுவுவதைப் பற்றி நிர்வாகம் ஒரு பொம்மைப்படம் செய்து வாங்கியிருக்கிறது. ஊழியர்கள் எல்லோரையும் கூட்டம் நடக்கும் அறையில் உட்காரவைத்துப் போட்டார்கள். ஒரு சோப்புக்கட்டி இளித்துக்கொண்டே வார்டு வார்டாக நடக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். தட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே நானும்?

"கால் தரையில படவே இல்லையே" என்றேன். மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

நிர்வாக அதிகாரி திரும்பினார். "சோப்புன்னா வழுக்கத்தானே செய்யும்?"

சிரிப்பு. அதோடு உட்கார்ந்திருக்கலாம். "இல்ல சார், அதுக்குக் கனமே இல்ல. கனம் இல்லாதது எப்படி வழுக்கும்?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல... தினமும் பாக்கறேன் சார்." டாக்டரிடம் குடிப்பழக்கத்தை ஒப்புக்கொள்கிறவன் குரல் எனக்கு.

"நல்லது. அடுத்த படத்துல நீங்களே சோப்பா நடிச்சுடுங்க."

அறையே குலுங்கியது. அதற்குப் பிறகு டிரையர்காரர் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. "டைரக்டரே, ஈரத்துணி வந்திருக்கு."

மார்ச் 21

மகளிடம் சோப்பு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.

பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு பெண் சிரிக்கிறாள். மூக்கும் வைத்திருக்கிறார்கள். தேவையே இல்லை.

மார்ச் 25

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" மனைவி.

"முடியாதுதான்."

"அப்ப ஏன் நேத்து அந்தப் பஸ் படத்தைத் திரும்பப் பாத்தீங்க?"

"இந்தத் தடவையாவது வருதான்னு பாத்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் உள்ளே — சரி, இங்கேயாவது எழுதுகிறேன். அந்த ஸ்டூடியோவை நாளைக்கே இழுத்து மூடிட்டா? விட்ட வேலையைத் திரும்பக் குடுப்பானா எவனாவது? வட்டம் சுத்தவிட்டவனுக்குப் பரிசு கெடச்சுது, சரி. பரிசு கெடைக்காதவன் எங்க இருக்கான்? என்ன சாப்பிடறான்? அவன் பண்ணினதை எந்தப் பொண்ணு எந்த அப்பனுக்கு அனுப்புறா? நல்லா வந்ததை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டினா எந்தத் தொழில்தான் நல்லா இருக்காது? அழுக்கை எல்லாம் ஒளிச்சு வச்சுட்டு மடிச்சு அடுக்கினதை மட்டும் காட்டினா எங்க சலவைப் பிரிவுகூட மாளிகைதான்.

இதை அவளிடம் கேட்கலாம். கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. பதில் இல்லாத முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மார்ச் 27

இன்று எதுவும் வரவில்லை. மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன். வெட்கம்கெட்டவன்.

மார்ச் 29, சனி

நேற்றும் வரவில்லை. இன்று எல்லோரையும் கூடத்தில் உட்காரச் சொன்னாள். மைத்துனனும் இருந்தான். "இது நான் பண்ணது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

பார்த்தோம்.

மனைவி அழுதாள். மைத்துனன் "வேற லெவல்" என்றான். பிறகு, போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னொரு தடவையும் சொன்னான்.

"அப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த ஆளு போர்வை மடிக்கிற இடத்தை இன்னொரு தடவை போடு" என்றேன்.

போட்டாள்.

"இன்னொரு தடவை."

போட்டாள்.

"எப்பம்மா போய்ச் சேரணும்?" என்று கேட்டேன்.

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மற்றதை எழுத இன்று மனம் வரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரயில் நிலையம். கூட்டம், மூட்டை முடிச்சு, யாரோ என் காலை மிதித்தார்கள். அவள் அம்மா உள்ளே போய் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் மகள் கேட்டாள்.

"நெஜமாச் சொல்லுங்கப்பா. படம் புடிச்சுதானே சரின்னு சொன்னீங்க?"

"சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

எடுத்திருந்தாள்.

படம் நன்றாக இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் காட்டியிருந்தால் நானும் அவள் அம்மாவோடு சேர்ந்து அழுதிருப்பேன். தினம் ஒன்று அனுப்பி அவளே என்னைக் கெடுத்துவிட்டாள். அந்த மழை எஸ்டோனியாக்காரனுடையது, ஒரு தெறிப்பு விடாமல். மூக்கில்லாத முகங்கள் சிலி நாட்டுக்காரியுடையவை. பின்னால் ஓடிய பாட்டு மாலிக்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தம். வட்டம்கூட ஒன்று சுற்றியது.

நடுவில் ஒரு ஆள் போர்வை மடிக்கிறான். ஓரம் தாடைக்கு அடியில். எதிரில் ஒரு பெண் ஏதோ கேட்கிறாள். அவனுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, கண்ணில் தெரிகிறது. வாயைத் திறந்தால் போர்வை விழுந்துவிடும். தலையை ஆட்டுகிறான். அவ்வளவுதான், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. அந்தத் துண்டு மட்டும் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை.

இங்கேயே இருந்தால் அவளுக்கு என்ன கிடைக்கும்? அவள் மாமா வேற லெவல் என்பான், அம்மா அழுவாள். நான்? ஊர் உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒரு மாதமாக வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தவன், பெற்ற மகளைச் சொல்ல வாய் வராமல் சார்ஜரை விசாரிக்கிறேன். அந்த ஸ்டூடியோவில் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்ல யாராவது ஒரு சிடுமூஞ்சி இருப்பான். இருக்க வேண்டும். அவனை நம்பித்தான் அனுப்பியிருக்கிறேன்.

வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியே, "என்னப்பா, ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று கத்தினாள். தலையை ஆட்டினேன்.

மழையை அழிச்சுடும்மா. அந்த ஆளை மட்டும் வச்சுக்கோ.